எத்தனை வருஷம் ஓட வேணும்?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஷரீப் நானாவின் கராஜுக்குப் பழைய கார் கொண்டுபோகிற எவரிடமும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். என்ன பழுது என்று கேட்கமாட்டார், அதை அவரே பார்த்துக்கொள்வார். கையில் இருக்கும் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, வந்தவரின் முகத்தைப் பார்த்து, "இது இன்னும் எத்தன வருஷம் ஓடணும்?" என்பார். இரண்டு வருஷம் என்றால் ஒரு வேலை. ஐந்து என்றால் வேறு வேலை. விற்கப்போகிறேன் என்றால் அதற்கும் ஒரு வேலை வைத்திருந்தார்.

அன்று அதே கேள்வியை எட்வேட்டிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற மகள் செலீன் அவருடைய வாயையே பார்த்தாள்.

"பத்து வருஷம்," என்றார் அவளுடைய தகப்பன், யோசிக்காமல். "குறைஞ்சது பத்து."

ஷரீப் தலையாட்டிவிட்டு அந்தச் சாம்பல் நிறக் கொரோலாவின் பொனெற்றுக்குள் குனிந்தார். எஞ்சினை ஓடவிட்டபடியே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை மேலே வந்தது. பின்பக்கம் சைலன்சரிலிருந்து வந்த நீலப் புகையோ கராஜைத் தாண்டி, எதிர்வீட்டுக் கொடியில் காயப்போட்டிருந்த உடுப்புகள்வரை போயிருந்தது.

"எண்ணெய் குடிக்கிது அண்ண. பெற்றோல விட அதுதான் கூட."

"என்ன செய்யிறது ஷரீப், நான் குடிக்கிறதை விட்டிட்டன். இவர் பிடிச்சிட்டார்."

ஷரீப் சிரித்தார். எட்வேட்டும் சிரித்தார். சிரிக்கும்போது அவருடைய சேட்டுக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்ததைச் செலீன் பார்த்தாள்.

"ரெண்டு வழி ஈக்குது," என்றார் ஷரீப். "இதக் கழட்டி, சிலிண்டரக் கடைஞ்சு போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டு முழுசாச் செய்யலாம். ஒங்கட எஞ்சின், ஒங்கட நம்பர், கார்ப் புத்தகத்தில ஒண்டும் மாத்தத் தேவல்ல. பத்து வருஷத்துக்கு நான் பொறுப்பு. ஆனா நாள் எடுக்கும். இதுக்குப் பிஸ்டன் இப்ப பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகள்லயும் லேசில கெடைக்காது, சொல்லித்தான் எடுக்கணும். ரெண்டு மாசம் எண்டு வெச்சுக்கங்களேன்."

"மற்ற வழி?" செலீன் கேட்டாள்.

"மத்தது ஜப்பான் எஞ்சின். ஹாஃப் கட்."

ஜப்பானில் பின்பக்கம் அடிபட்ட கார்களின் முன்பாதியை அப்படியே வெட்டிக் கப்பலில் அனுப்பிவிடுவார்கள். அதிலிருந்து எஞ்சினைக் கழற்றி எடுத்து இந்தக் காருக்குள் இறக்குவது. ஒரு கிழமை வேலை என்றார் ஷரீப். வலுவும் கூட, பெற்றோலும் குறைய. "ஆனா அங்க அது எப்பிடி ஓடிச்சோ, ஆரு ஓட்டினதோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

"ஆற்றயோ எஞ்சினை என்ர காருக்குள்ள வைக்கிறதோ?" எட்வேட் பொனெற்றின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டார். "இதைத் திறந்தே செய்வம். ரெண்டு மாசமெண்டா ரெண்டு மாசம். எனக்கென்ன அவசரம்?"

அவருக்கு அவசரம் இல்லை. அவசரம் எல்லாம் செலீனுக்குத்தான் இருந்தது.

அதற்கு முந்தின மாதம், வெள்ளவத்தையில், அவள் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அடுத்த ஒழுங்கையில், ஒரு பெரிய வைத்தியரிடம் அவரைக் காட்டப் போயிருந்தார்கள். தாய் யூஜினாவும் வந்திருந்தாள். வைத்தியர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவரை ஒருக்கா நிறை பாருங்கோ," என்று எட்வேட்டை நர்ஸோடு வெளியே அனுப்பினார். கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார். வயிற்றில் தொடங்கியது ஈரலுக்கும் போய்விட்டது. அறுத்துப் பிரயோசனம் இல்லை. நோவுக்கு மருந்து கொடுக்கலாம். நடமாட்டம் இன்னும் இரண்டு மூன்று மாதத்துக்கு இருக்கும், அதற்குப் பிறகு கஷ்டம்.

"அவருக்குச் சொல்லுறதோ?" என்று வைத்தியரே கேட்டார்.

"வேண்டாம் டொக்டர்," என்றாள் யூஜினா. அவள் அழவில்லை. கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்ர அண்ணனுக்குச் சொன்னவை. அவர் அண்டைக்கே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர். பிறகு எங்கட முகத்தைப் பாக்கவேயில்லை."

வைத்தியருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்தக் கதிரைகளில் இருந்த எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எட்வேட் திரும்பி வந்தபோது, வயிற்றில் புண் என்றார், அல்சர் என்றார், குளிசையை ஒழுங்காகப் போடச் சொன்னார்.

"உறைப்புச் சாப்பிடலாமோ டொக்டர்?"

"ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்கோ."

எட்வேட் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு எழுந்து, சேட்டைக் காற்சட்டைக்குள் ஒழுங்காகச் செருகிக்கொண்டு, "அப்ப சரி. இண்டைக்கு நண்டுக் கறி," என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் அந்த நோய்க்கு அல்சர் என்றே பெயர்.

கார் அந்த வீட்டுக்கு வந்தது செலீன் சின்னப் பிள்ளையாகக் கோயிலில் முதல் நன்மை வாங்கிய வருடம். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த எட்வேட், வேலை முடிந்து வந்து சாப்பிட முன்னர் அதைத் துடைப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதையே ஹயருக்கு ஓட்டினார். விமான நிலையம், கல்யாணம், மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற நோயாளிகள் என்று, கொட்டாஞ்சேனையில் யாருக்குக் கார் தேவையென்றாலும் "எட்வேட் அங்கிளுக்குச் சொல்லுவம்" என்பதுதான் பேச்சு. தன் அடையாள அட்டை இலக்கத்தைக்கூடப் பார்த்துத்தான் சொல்வார். எஞ்சின் இலக்கத்தைக் கேட்டால் செபம் சொல்கிற மாதிரிச் சொல்லிமுடிப்பார்.

கார் இல்லாத எட்வேட்டைச் செலீனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மீதமிருக்கும் நல்ல நாட்களில் அவர் கதிரையில் இருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, கார் அங்கே துண்டு துண்டாகக் கிடக்கும். எல்லாம் பூட்டி முடிந்து வருகிறபோது சாவியைப் பிடிக்க அவருக்குக் கை இருக்குமோ, தெரியாது. அவருக்கு வேண்டியது பத்து வருஷம் ஓடுகிற எஞ்சின் இல்லை. அடுத்த கிழமை ஓடுகிற எஞ்சின். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

முன்னறையில் அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, குசினிக்குள் போய்த் தாயிடம் சொன்னாள்.

"ரெண்டு மாசம் அம்மா. டொக்டர் சொன்னதே ரெண்டு மூண்டு மாசம்தான்."

"மெதுவாக் கதை."

"நீங்க சொல்லுங்கோ, ஜப்பான் எஞ்சினைப் போடச் சொல்லி. நீங்க சொன்னாக் கேப்பார்."

யூஜினா நெத்தலி கிள்ளிக்கொண்டிருந்தாள். "பத்து வருஷம் எண்டோ சொன்னவர்?"

"ஓம்."

"அவர்ர வாயாலயோ?"

"ஓம் அம்மா."

"அப்ப அவருக்கு ஒண்டும் தெரியாது." தாயின் முகத்தில் வந்த ஆறுதலைப் பார்க்கச் செலீனுக்குப் பொறுக்கவில்லை. "கார் துண்டு துண்டாக் கிடந்தாக் கிடக்கட்டும். அந்தப் பத்து வருஷத்தை நீ பறிச்சுப்போடாதை பிள்ளை."

ஆகவே அவளே அவரோடு வாதாட வேண்டியிருந்தது. உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாததால் இல்லாத காரணங்களையெல்லாம் தேடிப்பிடித்தாள். பெற்றோல் மிச்சம் என்றாள். பிஸ்டன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றாள். வலு கூட, ஏற்றத்தில் இழுக்கும் என்றாள்.

"கொட்டாஞ்சேனையில எங்க மகள் ஏத்தம்? கோயில் முன்னுக்கு இருக்கிற அந்த ஒரு முழமோ?"

"நுவரெலியாவுக்குப் போனா?"

"ஆர் போறது நுவரெலியாவுக்கு? குளிருக்குப் பயந்து உன்ர அம்மா ஐஸ்கிறீமே சாப்பிடமாட்டா." சிரித்துவிட்டு அவளை ஒருமாதிரிப் பார்த்தார். "நீ எப்ப தொடக்கம் எஞ்சின் திருத்துற பாஸ் ஆனனீ? ஒரு நட்டுக் கழட்டத் தெரியாது, எனக்கு வலு படிப்பிக்கிறாய்."

அவள் குசினிக்குள் போய்விட்டாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு மறுத்துப் பேச வராது.

அடுத்த சில நாட்கள் அவர் கராஜுக்குப் போகவில்லை. காரையும் கொடுக்கவில்லை. யோசிக்கிறேன் என்றார். ஒரு காலையில், பஸ்ஸுக்குப் போக வெளிக்கிட்ட செலீனை மறித்து, "ஏறு, நான் கொண்டுபோய் விடுறன்," என்றார்.

கார் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து கொண்டக்டர் பொடியன் ஒருவன் தலையை நீட்டி, "அங்கிள், மதுருவன்ட தும் கஹனவத?" என்று கத்தினான். டெங்கு நுளம்புக்கு அடிக்கிற புகையோ என்று கேட்கிறான். பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"ஓவ் மல்லி, ஓம் தம்பி!" என்று எட்வேட்டும் கத்தினார். "உன்ர பஸ்ஸுக்குள்ளயும் அடிக்கவோ?"

பிறகு மரைன் டிரைவுக்குத் திருப்பினார். கடல் பக்கம் ரயில் ஒன்று ஆட்கள் தொங்கத் தொங்கக் கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்தபடியே அவளிடம் கேட்டார்.

"முழங்கால் இப்ப எப்பிடி?"

"இருந்தாப்போல குத்தும். வேறொண்டுமில்லை."

"இடக்கால் மட்டும்தானே? வலக்காலில ஒண்டுமில்லையே?"

"வலக்காலுக்கு என்ன டடா? அது நல்லாத்தானே இருக்கு."

"சும்மா கேட்டனான்."

பதினாறு வயதில் ஆமர் வீதியில் அவள் வந்த திரீவீலர் பிரண்டதில் இடது முழங்காலுக்குள் தகடு வைத்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்துப் பக்கம் ஆளில்லாத ரோட்டில், எட்வேட் அவளுக்கு இந்தக் காரை ஓட்டப் பழக்கப் பார்த்தார். கிளச்சை மிதிக்க மிதிக்க அந்தக் கால் நடுங்கியது. கார் தவளைமாதிரிப் பாய்ந்து பாய்ந்து நின்றது. கடைசியில் அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதபோது, அவர் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார். "விடு மகள். உனக்கெதுக்கு இது? நான் இருக்கிறன்தானே." அதற்குப் பிறகு வேலைக்கு, மருந்துக்கு, மழைக்கு என்று எதற்கும் அவர் சொல்வது அதுதான். நான் இருக்கிறன்தானே.

கடை வாசலில் அவளை இறக்கிவிட்டபோது அவர் அதைச் சொல்லவில்லை. "ஞாயிறு ஷரீபிட்டப் போய் முடிவைச் சொல்லுவம். நீயும் வா," என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து, பூசை உடுப்போடேயே போனார்கள். ஷரீப் அங்கே நின்ற ஒரு வான் வண்டியின் கீழேயிருந்து வெளியே வந்து, துணியை எடுத்து விரல்களைத் துடைக்கத் தொடங்கினார்.

"சொல்லுங்க அண்ண. கழட்டவா?"

"வேண்டாம். ஜப்பான் எஞ்சினையே போடுவம்."

செலீன் தன் காதை நம்பவில்லை. உள்ளே எதுவோ இளகியது. ஒரு கிழமைதான். அடுத்த ஞாயிறு அவர் காரில் பூசைக்குப் போவார்.

"என்ன அண்ண, திடீரெண்டு?"

"மகள் சொல்லுறா. வலு கூடவாம். நுவரெலியாவுக்குப் போகலாமாம்."

"அப்ப நான் நாளைக்கே பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பாக்கிறேன். ஒங்கட கியர் பொக்ஸே அதுக்குச் சரிவரும், மாத்தத் தேவல்ல."

"கியர் பொக்ஸும் மாத்தவேணும்," என்றார் எட்வேட். "ஒட்டோ கியர் பூட்டின எஞ்சினாப் பார். இதே கார்ப் பொடியில ஒட்டோவும் வந்ததுதானே."

ஷரீபின் கை நின்றது. "ஒட்டோவா?"

"ஓம். கிளச் இல்லாமல்."

"நீங்கதானே அண்ண இதே இடத்தில நிண்டு சொன்னீங்க, ஒட்டோ கியர் ஓட்டுறவன் டிரைவரில்ல, பசிஞ்சர் எண்டு. ஒட்டோ கார் வெச்சிருந்த அந்த லோயர் ஒங்களோட எவ்வளவு காலம் கோவம்."

"சொன்னனான்தான். ஓட்டுற ஆளுக்குச் சரிவந்தாக் காணும்."

ஷரீப் செலீனைப் பார்த்தார். பிறகு, சற்று வெளியே திரும்பி நிற்கிற அவளுடைய இடது காலைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், துடைத்து முடித்த விரலையே மறுபடியும் முதலிலிருந்து துடைக்கத் தொடங்கினார்.

"பத்து வருஷம் எண்டீங்களே அண்ண," என்றார் மெல்ல.

"அதில மாற்றமில்லை. நல்ல எஞ்சினாப் பாத்து எடு. பத்து வருஷம் ஓடவேணும்."

வெயில் கராஜின் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. செலீன் பக்கத்தில் கிடந்த ரயர் ஒன்றில் பூசை உடுப்போடு இருந்துவிட்டாள். அவள் கேட்டதுதான் கிடைத்திருந்தது. கேட்டபடியே ஜப்பான் எஞ்சின், கேட்டபடியே ஒரு கிழமை. முதல் நாள் கிளச்சை மறந்திருந்தாலும், பத்து வருஷம் என்று அவர் சொன்னது யாருக்கென்பது மட்டும் இப்போதுதான் விளங்கியது.

திரும்பும்போது அவர்கள் நடந்தார்கள். கார் ஷரீபிடம். மூலைக் கடையில் எட்வேட் இரண்டு பிளேன் டீ சொன்னார். அவள் கோப்பையைத் தொடாமல் கேட்டாள்.

"உங்களுக்கு ஆர் சொன்னது டடா?"

"என்னத்தை?"

அவள் அவருடைய தளர்ந்த சேட்டுக் கழுத்தைப் பார்த்தாள். அவரும் விளங்காத மாதிரி நடிப்பதை விட்டுவிட்டார்.

"ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்கோ எண்டாரே," என்றார். "அல்சர்காரனை எந்த டொக்டர் மகள் உறைப்புச் சாப்பிடச் சொல்லுவான்?"

தேநீரை ஊதி ஒரு மிடறு குடித்தார்.

"மகரகமைக்கு எத்தினை பேரை ஏத்திக்கொண்டு போயிருப்பன். நோயாளி பின் சீற்றில ஏறி இருந்தவுடன, சொந்தக்காரர் என்ர யன்னலுக்குள்ள குனிவினம். 'அங்கிள், அவருக்கு அல்சர் எண்டுதான் சொல்லியிருக்கு, கதை விட்டிடாதேங்கோ' எண்டு. நானும் ஓம் ஓம் எண்டுவன். கொஞ்சத் தூரம் போக அந்த மனுசன் பின்னால இருந்து, 'எனக்கு அல்சர் அண்ணை' எண்டுவான். அது ஒண்டுமில்லை, மாறிடும் எண்டுவன்." கோப்பைக்குள் பார்த்தார். "போற இடம் மகரகமை. போர்டு போட்டிருக்கு, கண் தெரியும், வாசிக்கத் தெரியும். இப்ப நினைக்கிறன், அவையள் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்காகத்தான் சொல்லாமல் இருந்திருக்கினம்."

செலீன் கைலேஞ்சியைத் திருகிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பார்க்கிறார் என்று முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

"அம்மாட்டச் சொல்லாதை," என்றார் எட்வேட்.

"என்ன?"

"எனக்குத் தெரியும் எண்டு. அவ தாங்கமாட்டா. எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டுதான் அவ நிமிர்ந்து நிக்கிறா. அதை நீ எடுத்துப்போடாதை."

தாய் சொன்ன அதே வார்த்தைகள். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். செலீன் தலையாட்டினாள். குசினியிலும் தலையாட்டியிருந்தாள். இனி அந்த வீட்டில் இரண்டு பேருடைய பொய்யையும் அவள்தான் காக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒட்டோ கியர் விஷயத்தை எட்வேட்டே யூஜினாவுக்குச் சொன்னார். "அல்சர்காரர் கிளச் மிதிக்கக்கூடாதாம். வயிறு இறுகுமாம்."

யூஜினா ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, குசினிக்குள் வந்து மகளின் கையைப் பிடித்தாள். "நீயோ அப்பிடிச் சொல்லிக் குடுத்தனீ? கெட்டிக்காரி. அவர் அப்பிடியே நம்பிட்டார்."

"ஓம் அம்மா," என்றாள் செலீன்.

கார் வந்தது. ஷரீப் சொன்ன ஒரு கிழமை கொஞ்சம் நீண்டது, ஆனால் வந்தது. எடுக்கப் போன அன்று பழைய எஞ்சின் கராஜ் மூலையில் ஒரு ரயரின்மேல் இருந்தது. கழற்றி வைத்தால் அவ்வளவு சின்னது என்று செலீன் நினைத்திருக்கவில்லை. எட்வேட் அதன் பக்கத்தில் குந்தியிருந்து, ஷரீபின் துணியை வாங்கி, இலக்கம் அடித்திருந்த இடத்தை மட்டும் துடைத்தார். எழுந்திருக்க அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. ஷரீப் கொடுத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும் அண்ண. ஆறுதலா ஒரு நாளைக்குச் செய்வம்."

"ஆருக்கும் தேவையெண்டாக் குடுத்திடு. சும்மா கிடந்து துருப்பிடிக்க விடாதை."

பிறகு காரைச் சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே இருந்தார். அந்தப் பக்கம் பெல்ற் எங்கே தொங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தோளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தடவினார். செலீன் குனிந்து எடுத்துப் பூட்டிவிட்டாள்.

அன்று வீடுவரை ஷரீபே ஓட்டி வந்தார். அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் வெள்ளவத்தையிலேயே கார் ஓட்டப் பழக்கும் ஒரு லேர்னர்ஸுக்குப் போய் அவள் பழகினாள். கிளச் இல்லாத கார் தவளைமாதிரிப் பாயவில்லை. காருக்கு முன்னும் பின்னும் எல் போர்டு கட்டினார்கள். பூசைக்குப் போனார்கள். ஒருமுறை பேலியகொடை மீன் சந்தைக்குப் போய் நண்டு வாங்கி வந்தார்கள். அதை அவரால் சாப்பிட முடியவில்லை, மணத்தை மட்டும் பிடித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். நுவரெலியாவுக்குப் போகவில்லை.

மழை தொடங்கியபோது அவருக்கு நடப்பது குறைந்துவிட்டது. வைத்தியரிடம் மருந்து மாற்ற வேண்டியிருந்தது. செலீன் ஓட்ட, எட்வேட் இடப்பக்கம் இருக்க, யூஜினா பின் சீற்றில் செபமாலையோடு ஏறினாள்.

"அல்சருக்கு ஏன் இவ்வளவு தூரம் எண்டு நினையாதேங்கோ," என்றாள் யூஜினா பின்னாலிருந்து. "நல்ல கைராசியான டொக்டராம்."

"அல்சருக்கு அவர்தான் கெட்டிக்காரன்," என்றார் எட்வேட்.

அவர் ஓட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வேகம் என்றோ பிறேக் என்றோ ஒரு சொல் இல்லை. ஆனால் கலர் லைட் சிவப்பாகும் ஒவ்வொரு தடவையும் அவருடைய இடது கால் முன்னே போய், அங்கே இல்லாத கிளச்சை மிதித்தது. பச்சை வந்ததும் மெல்ல மெல்ல விட்டது. கார் துள்ளாமல் எடுபட எந்த அளவில் விடவேண்டுமோ அந்த அளவில். காலி வீதி முழுக்க அப்படித்தான். தான் செய்வது அவருக்குத் தெரியாது என்று செலீன் நினைத்தாள். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். அவளுடைய இடது கால் ஒரு வேலையும் இல்லாமல் தரையில் கிடந்தது.

வைத்தியர் இந்தமுறை நிறை பார்க்க அனுப்பவில்லை. புதுக் குளிசையை எழுதினார். மாடியிலிருந்து காருக்கு வர நேரம் எடுத்தது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தமே இல்லை. அவர்கள் வீட்டுக் கார் இப்படிச் சத்தமில்லாமல் ஓடும் என்று யாரும் சொல்லியிருந்தால் முன்பு நம்பியிருக்கமாட்டார்கள். பம்பலப்பிட்டி கலர் லைட்டில் சிவப்பு விழுந்தது. அவள் பிறேக்கை மிதித்தாள். பக்கத்தில் அந்தக் கால் அசையவில்லை.

அவள் சட்டென்று திரும்பினாள். எட்வேட்டின் தலை யன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணாடியில், அவருடைய வாய்க்கு நேரே, சின்னதாக ஒரு ஆவி படிந்து மறைந்தது. மறுபடியும் படிந்தது.

"என்ன பிள்ளை?" பின்னாலிருந்து யூஜினாவின் குரல்.

"ஒண்டுமில்லை அம்மா. டடா நித்திரை."

"நல்லது. கொள்ளட்டும். புண் ஆறுறதுக்கு நித்திரை நல்லது." செபமாலை மணி ஒன்று நகர்ந்தது.

வேறொருவர் ஓட்டும் காரில் எட்வேட் நித்திரை கொண்டதைச் செலீன் ஒருநாளும் கண்டதில்லை. தூரப் பயணங்களில் அவரோடு மாறி ஓட்ட வந்தவர்கள் பக்கத்தில்கூட அவர் கண் மூடமாட்டார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இப்போது ரோட்டை அவளிடம் விட்டுவிட்டார்.

பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹோன் அடித்தார்கள். அவரை எழுப்பாமல் எப்படி எடுப்பது என்று அவள் பயந்தாள். பிறேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். கார் ஒரு துள்ளலும் இல்லாமல், தானாகவே, முன்னே நகர்ந்தது.